வேலைத்தலத்தை எங்கே கட்டுவது? கிளிநொச்சியில் நான்கு தெரிவுகள்

கிளிநொச்சியில் நூறு பேருக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது காணி விலையை. அடுத்தது மின்சாரமும் தண்ணீரும். அந்த நூறு பேரும் காலையில் எப்படி வந்து சேர்வார்கள் என்ற கேள்வி கூரை போட்ட பிறகுதான் எழுகிறது. அப்போது வளவில் எஞ்சிய மூலையில் ஒரு தகரக் கொட்டகையைப் போட்டு, வாகனத் தரிப்பிடம் என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிள்கள் அதை நிறைத்துவிடும். சைக்கிளில் வந்தவர் மதிலோடு சாய்த்துவிட்டு உள்ளே போவார். பஸ்ஸில் வந்தவர் பிரதான வீதியில் இறங்கி வெயிலில் நடந்து வருவார். இவர்கள் இருவரையும் நினைத்து அந்த வளவில் யாரும் ஒரு கோடு கூட இழுத்திருக்க மாட்டார்கள்.

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். காணியை வாங்கிய பிறகு வருகிறவர்களுக்கு என்னால் செய்து கொடுக்கக்கூடியது கொஞ்சம்தான். சைக்கிள் கொட்டகை, நிழல் நடைபாதை, குளியலறை எல்லாவற்றையும் நன்றாகவே வரைந்து கொடுக்கலாம். ஆனால் வேலைத்தலம் நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் தள்ளி, பஸ் நின்று போகாத இடத்தில் இருந்தால் அந்தக் கொட்டகை வெறுமையாகத்தான் கிடக்கும். நடையையும் சைக்கிளையும் பஸ்ஸையும் ஊக்குவிக்கும் வேலைத்தலம் காணித் தெரிவிலேயே பாதிக்கு மேல் தீர்மானமாகிவிடுகிறது. அதனால்தான் உறுதி எழுதுவதற்கு முன்பே இந்த ஒப்பீட்டைச் செய்யச் சொல்கிறேன்.

தெரிவுகள் நான்கு. நகருக்குள், பஸ் நிலையத்திலிருந்தும் புகையிரத நிலையத்திலிருந்தும் நடந்து போகும் தூரத்தில், கால் ஏக்கரோ சற்றுக் கூடவோ உள்ள காணி. அல்லது நகருக்கு வெளியே ஏ9 வீதியோரம் ஓரிரு ஏக்கர். எல்லோரும் தத்தம் மோட்டார் சைக்கிளில் வந்துகொள்வார்கள். அல்லது அதே வெளிக்காணி, ஆனால் நிறுவனமே பஸ் விட்டு ஆட்களை ஏற்றி இறக்கும். நான்காவது, நூறு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே கூட்ட வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, ஊர்களில் இருபது முப்பது பேருக்கான சிறு வேலைத்தலங்களை அமைப்பது.

யார், எங்கிருந்து வருகிறார்கள்

கிளிநொச்சி நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் பல குடியேற்றத் திட்டங்களாகத் தோன்றியவை. வயலும் மேட்டுக்காணியுமாக அளந்து கொடுத்த நிலத்தில் ஆளுக்கொரு வீடு. யாழ்ப்பாணத்து ஊர்களில் வேலிக்கு வேலி வீடு நிற்பதுபோல இங்கே நிற்பதில்லை. வாய்க்கால் ஓரமாக, குளக்கட்டுக்குக் கீழாக, ஊர் நீண்டுகொண்டே போகும். பஸ் ஓடும் வீதி ஒன்றாகவும் அதிலிருந்து உள்ளே பிரியும் கிறவல் வீதிகள் பலவாகவும் இருக்கும். ஆகவே வன்னியில் வேலைக்குப் போவது என்பது இரண்டு பயணம்: வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு ஒன்று, அங்கிருந்து வேலைக்கு ஒன்று. பஸ் எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் முதற்பயணத்தை நடந்தோ சைக்கிளிலோதான் முடிக்க வேண்டும்.

கனகபுரம், உருத்திரபுரம், வட்டக்கச்சி போன்ற இடங்களிலிருந்து நகருக்குச் சைக்கிளில் வரலாம். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் என்ற சாதாரண மிதிப்பில் ஐந்து கிலோமீற்றருக்கு இருபத்தைந்து நிமிடம் போதும். அக்கராயன், தருமபுரம், விசுவமடு என்றால் பஸ் வேண்டும். பளையிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வருகிறவருக்குப் புகையிரதமும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து நாள்தோறும் வந்து போகும் உத்தியோகத்தர்களையும் மறந்துவிடக் கூடாது. கிளிநொச்சியின் அலுவலகங்கள் பலவற்றில் அவர்கள் இருக்கிறார்கள்.

இனி, யாரால் மோட்டார் சைக்கிள் வாங்க முடியாது என்று பாருங்கள். போருக்குப் பின் தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள். காலையோ பார்வையையோ இழந்தவர்கள். உயர்தரம் முடித்து முதல் வேலை தேடும் பிள்ளைகள். வேலை மிகவும் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்தான். மோட்டார் சைக்கிள் இல்லாமல் வந்து சேர முடியாத இடத்தில் வேலைத்தலத்தைக் கட்டினால், நேர்முகத் தேர்வு நடப்பதற்கு முன்பே இவர்களைத் தள்ளிவைத்துவிடுகிறோம். விளம்பரத்தில் பெண்கள் விரும்பத்தக்கது என்று போடுவதால் அந்தத் தூரம் குறைந்துவிடாது.

எரிபொருள் இல்லாமல் வாழ்வது எப்படி என்று வன்னிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகும் நெல் மூட்டையும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். இருந்த சில மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 2022 ஜூன் முடிவில் அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தபோது, நாடு முழுவதும் பதறியது. இங்கே பரணில் கிடந்த சைக்கிள்கள் இறங்கி வந்தன. அந்த மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. ஜூலையில் வந்த கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர். நகரில் இருந்த வேலைத்தலங்களுக்கு ஆட்கள் எப்படியோ வந்தார்கள். ஏ9 வீதியோரம் ஒதுங்கி நின்றவைதான் திண்டாடின.

வெளிக்காணியும் மோட்டார் சைக்கிளும்

இப்போது பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். காணி மலிவு, பிற்காலத்தில் பெருப்பிக்க இடம் உண்டு, லொறி வந்து திரும்பலாம். இவை உண்மையான நன்மைகள். மரம் அரிகிற இடத்துக்கோ அரிசி ஆலைக்கோ வேறு வழியில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மிச்சப்பட்ட காணிப் பணம் எங்கும் மறைந்துவிடவில்லை. அதைத் தொழிலாளர் கட்டுகிறார்கள். பத்துக் கிலோமீற்றர் வந்து பத்துக் கிலோமீற்றர் திரும்புகிற ஒருவர் மாதம் இருபத்துநான்கு நாள் வேலை செய்தால் 480 கிலோமீற்றர் ஓடுகிறார். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டியில் அது பத்தரை லீற்றருக்கு மேல். பெற்றோல் 300 ரூபாய் அளவில் இருக்கும்போது மூவாயிரத்து இருநூறு ரூபாய். அதற்கு மேல் லீசிங் தவணை, காப்புறுதி, ரயர், எண்ணெய். சம்பளம் கையில் வரும்போதே ஒரு பங்கு பயணத்துக்குப் போய்விட்டது. இந்தக் கணக்கை முதலாளியின் திட்ட அறிக்கையில் நான் கண்டதில்லை.

இடக்கணக்கும் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு, எடுத்துத் திருப்பும் வழியையும் சேர்த்து, மூன்று சதுர மீற்றராவது வேண்டும். எண்பது வண்டிக்கு 240 சதுர மீற்றர். கால் ஏக்கர் என்பது 1,012 சதுர மீற்றர்தான். சைக்கிளின் நீளம் 1.8 மீற்றர், கைபிடி அகலம் ஏறத்தாழ 0.6 மீற்றர். வழியோடு சேர்த்து ஒன்றரைச் சதுர மீற்றரில் அடக்கிவிடலாம். கார் என்றால் திருப்பும் இடத்தோடு இருபத்தைந்து. வெளிக்காணி 'தேவை' என்று நினைக்கும் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது வண்டி நிறுத்தும் இடம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ஏ9 இன்று நல்ல கார்ப்பட் வீதி. தூரப் பஸ்களும் லொறிகளும் பாய்ந்து வருகின்றன. இரவில் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். வேலை முடிந்த களைப்பில், மங்கல் நேரத்தில், நாள்தோறும் அந்த வீதியில் ஆட்களை மோட்டார் சைக்கிளில் அனுப்புவது சிறிய விஷயம் அல்ல.

நிறுவன பஸ்

வன்னியில் உள்ள ஆடைத் தொழிற்சாலைகள் பஸ்களில் ஆட்களை ஏற்றி இறக்குகின்றன. முறைமாற்றி வேலை நடக்கும் இடங்களில், அதிலும் இருட்டில் தொடங்கும் அல்லது இருட்டில் முடியும் வேலைகளில், இதைவிட நல்ல வழியை நான் அறியேன். ஒரு பெண் தன் ஊர்ச் சந்தியில் ஏறி, அதே சந்தியில் இறங்குகிறாள். தாய் தகப்பனுக்கு நிம்மதி. இந்த நிம்மதி இல்லாவிட்டால் பல பெண்கள் வேலைக்கே வந்திருக்க மாட்டார்கள்.

பகல் நேர வேலைக்கு இதே முறை பொருந்துமா என்றால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பஸ் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாடசாலையிலிருந்து தொலைபேசி வந்தால் அந்தத் தாய் எதில் போவாள்? வெளிக்காணியில் ஓட்டோவைத்தான் கூப்பிட வேண்டும். அரை நாள் கூலி அதிலே போய்விடும். பஸ் பல ஊர்களைச் சுற்றி வருவதால் முதலில் ஏறுகிறவர் நெடுநேரம் உள்ளே இருக்கிறார். ஓட்டுநர் வராத நாளில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் இல்லை.

யாரும் கவனிக்காத பாதிப்பு ஒன்றும் உண்டு. ஊர்ப்பாதைகளில் ஓடும் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் நாள்தோறும் தவறாமல் ஏறும் ஆட்களை நம்பித்தான் ஓடுகின்றன. அந்த ஆட்களை நிறுவன பஸ் எடுத்துக்கொண்டால் வருமானம் குறைந்து, ஒரு சேவை நிறுத்தப்படும். பிறகு வைத்தியசாலைக்குப் போகும் கிழவிக்கும் தனியார் வகுப்புக்குப் போகும் மாணவனுக்கும் பஸ் இல்லை. சொந்த பஸ்ஸுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை ஊழியரின் சீசன் டிக்கெட்டுக்குக் கொடுத்து, கிளிநொச்சி இ.போ.ச. பஸ் சாலை (டிப்போ) முகாமையாளரோடும் தனியார் பஸ் சங்கத்தோடும் நேரத்தைப் பேசி ஒழுங்கு செய்தால், அதே பாதை ஊர் முழுவதற்கும் பலப்படும். தினமும் முப்பது பேர் நிச்சயமாக ஏறுவார்கள் என்று எழுத்தில் கொடுத்தால் அந்தப் பேச்சுக்கு எடை இருக்கும்.

நகருக்குள் சிறுகாணி

நான் பரிந்துரைப்பது இதை. காரணம் ஒன்றுதான், ஆனால் பெரியது. கிளிநொச்சியின் ஊர்ப் பஸ்கள் எல்லாம் நகரில் வந்து கூடுகின்றன. அக்கராயன் பஸ்ஸும் வட்டக்கச்சி பஸ்ஸும் தருமபுரம் பக்கத்திலிருந்து பரந்தன் வழியாக வருவதும் ஒரே இடத்தில் ஆட்களை இறக்குகின்றன. வேலைத்தலம் அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்தால் எந்த ஊர்க்காரருக்கும் ஒரே பஸ் போதும். நகருக்குத் தெற்கே ஏ9 வீதியில் உள்ள 155ஆம் கட்டைக்கும் அப்பால் இருந்தால் நகருக்கு வடக்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள எல்லோருக்கும் இரண்டு பஸ். அந்த இரண்டாவது பஸ் பெரும்பாலும் தூரப் பஸ். நிறைந்து வரும், சிறு தரிப்பிடங்களில் நிற்காமலும் போகும். நாள்தோறும் இப்படி நிச்சயமில்லாமல் வீதியோரம் நின்ற ஒருவர் சம்பளம் கொஞ்சம் கூடியதும் செய்யும் முதற்காரியம், மோட்டார் சைக்கிளுக்கு முற்பணம் கட்டுவது.

பஸ் தரிப்பிடத்திலிருந்து வாசலுக்கு 400 மீற்றர், கூடினால் 500 மீற்றர் என்பதே நான் வைக்கும் எல்லை. அதற்கு மேல் போனால் சித்திரை வெயிலில் நடை தண்டனையாகிவிடும். சைக்கிளுக்கு ஐந்து கிலோமீற்றர் வட்டம் வரையுங்கள். நகரின் நடுவிலிருந்து அந்த வட்டத்தைப் போட்டால் சுற்றிலும் ஊர் விழும். வெளிக்காணியிலிருந்து போட்டால் ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் காடும் வயலும்.

புகையிரதத்தைப் பற்றி அளவோடு சொல்ல வேண்டும். 1990இல் நின்றுபோன வடக்குச் சேவை 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், அடுத்த ஆண்டு மார்ச்சில் பளைக்கும், ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. அந்த மகிழ்ச்சியை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் ஒற்றைப் பாதை. ஓடுபவை பெரும்பாலும் கொழும்பை நோக்கிய தூரச் சேவைகள். அலுவலக நேரத்துக்கு ஏற்ற குறுந்தூரச் சேவை போதாது. 2023இல் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையிலான பாதை திருத்தத்துக்காக மாதக்கணக்கில் மூடப்பட்டபோது நேரங்களெல்லாம் மாறிப்போயின. எனவே நிலையத்துக்கு அருகே காணி கிடைத்தால் நல்லது. பஸ் நிலையத்தை விட்டு அதற்காக விலகிப் போக வேண்டாம்.

விலை கூடுதல் என்பது இந்தத் தெரிவின் பெரிய குறை. அதற்கு என் பதில் இரண்டு மாடி. வண்டித் தரிப்பிடத்தைச் சுருக்கினால் கால் ஏக்கரிலும் நூறு பேருக்குக் கட்டலாம். மாடி என்றதும் கால் இழந்தவர் எப்படி ஏறுவார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. எந்த வேலையையும் தரைத்தளத்தில் செய்ய முடிய வேண்டும் என்று முதலிலேயே திட்டமிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 முதல் நாட்டில் இருக்கின்றன. ஓர் அலகு உயரத்துக்குப் பன்னிரண்டு அலகு நீளமாவது இருக்கும் சாய்தளம், அகன்ற கதவு, தரைத்தளத்தில் கழிப்பறை. பிறகு சேர்ப்போம் என்று விட்டால் சாய்தளம் செங்குத்தாகத்தான் முடியும்.

நகரிலும் தாழ்ந்த காணி இருக்கிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கே தண்ணீர் நின்றது என்று அயலவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கட்டடத்தை உயர்த்திக் கட்டலாம். வாசலுக்கு வரும் வீதியை நீங்கள் உயர்த்த முடியாது.

ஊருக்கு ஊர் சிறு வேலைத்தலம்

தையல், பொதியிடல், தரவுப் பதிவு போன்ற வேலைகளுக்கு இது அருமையான வழி. ஆட்கள் நடந்தே வருவார்கள். மதியம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு கொடுத்துவிட்டு வருவார்கள். கட்டடம்கூடப் புதிதாகக் கட்டத் தேவையில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத்தினதும் மாதர் சங்கத்தினதும் மண்டபங்கள் பல ஊர்களில் பெரும்பாலான நாட்களில் பூட்டியே கிடக்கின்றன. வாடகை அந்தச் சங்கத்துக்கே போய்ச் சேரும்.

மேற்பார்வையும் பொருட்களை ஏற்றி இறக்குவதும் செலவைக் கூட்டும். ஆட்கள் அலைவதற்குப் பதில் ஒரு லொறி அலைகிறது. கணக்கும் வடிவமைப்பும் விற்பனையும் ஒன்றாக இருந்து செய்ய வேண்டிய நிறுவனத்துக்கு இது ஒத்துவராது. நகரில் அறுபது பேர், தருமபுரத்திலும் அக்கராயனிலும் இருபது இருபது பேர் என்று கலந்து செய்வதை நான் முழு மனதோடு ஆதரிப்பேன்.

வளவுக்குள்ளே

காணி முடிவானால் வரைபடத்துக்கு வரலாம். நல்ல இடம் யாருக்கு என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வாசலுக்கு மிக அருகில், வேம்பு நிழலில் சைக்கிள். அதற்கு அப்பால் மோட்டார் சைக்கிள். முகாமையாளரின் கார் பின்னால். வேலைத்தலம் யாரை மதிக்கிறது என்பதைப் படலையைத் திறந்ததும் ஊழியர் கண்டுகொள்வார். இருக்கும் மரத்தை வெட்டிவிட்டுத் தகரம் போடுகிறவர்களோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன், இனியும் பிடிப்பேன். மரம் இல்லாத இடத்தில் கொட்டகையின் மேல் சூரிய மின்தகடு போடலாம். நிழலும் கிடைக்கும், மின் சைக்கிளுக்கு மின்னேற்றவும் உதவும். பத்துப் பதினைந்து கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறவருக்கு மின் சைக்கிள் நல்ல துணை.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைமழை சாய்ந்து அடிக்கும். கொட்டகைக் கூரை வண்டியின் கடைசிச் சில்லையும் தாண்டி ஒரு மீற்றராவது நீள வேண்டும். தரை வளவு மட்டத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். மழைச்சட்டையைத் தொங்கவிடக் கம்பி, சேறு கழுவ வாசலில் குழாய். கால் கழுவிவிட்டு உள்ளே போவது நமக்குப் பழகிய வழக்கம். அதற்கு ஒரு குழாயும் ஒரு சிறு வடிகாலும் போதும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பெயரும் மாதங்களில் பிரச்சினை வேறு. தென்மேற்குப் பக்க ஊர்களிலிருந்து காலையில் வருகிறவருக்குக் காற்று முதுகில். மாலையில் அதே காற்று முகத்தில், புழுதியோடு. வேலை முடிந்து மிதிப்பவருக்கு அந்த அரை மணி நேரம் எளிதானதல்ல. குளிக்கவும் உடை மாற்றவும் அறை வேண்டும் என்று காலைப் பயணத்தை நினைத்துச் சொல்வார்கள். இங்கே மாலையில் புறப்படுமுன் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கான உடைமாற்றும் அறையை ஆண்களுடையதைவிடப் பெரிதாக வரையுங்கள். சேலைதான் கட்ட வேண்டும் என்று கட்டாயம் இருந்தால் அதைத் தளர்த்துங்கள். சேலையோடு சைக்கிள் மிதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சங்கிலியில் முந்தானை சிக்கும் பயம் அவர்களுக்குத்தான் தெரியும். பூட்டக்கூடிய சிறு அலுமாரி ஒவ்வொருவருக்கும். காற்றடிக்கும் பம், ஒட்டுப்போடும் சாமான்கள், ஒரு குறடு ஆகியவற்றைக் காவலாளியிடம் வையுங்கள். மாதம் ஒருமுறை ஊரில் உள்ள சைக்கிள் திருத்துநரைக் கூப்பிட்டு, நிறுவனச் செலவில் பிறேக்கையும் டைனமோவையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சம் இல்லாத சைக்கிளை இருட்டில் லொறிக்காரருக்குத் தெரியாது.

நேரமும் பணமும்

கொட்டகையைவிட நேர அட்டவணை முக்கியம் என்பேன். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்குகிறது. அரச அலுவலகங்கள் 8.30க்கு; முடிவது 4.15க்கு. ஏழு மணிப் பஸ்ஸில் பிள்ளைகள் படியில் தொங்குகிறார்கள். நீங்களும் எட்டு மணி என்று வைத்தால் அதே நெருக்கடியில் உங்கள் ஊழியரும் தொங்குவார்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய் வரும் பஸ்ஸில் உட்கார்ந்து வரலாம். மாலையில் 4.45க்கு மேல் இழுக்க வேண்டாம். கார்த்திகை மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பஸ்ஸால் இறங்கி கிறவல் வீதியில் தனியாக நடக்கும் பெண்ணுக்கு அந்த வெளிச்சம் வேண்டும். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாமல் மேலதிக நேரம் வேலை வாங்குவது அநியாயம்.

பணத்தில், மோட்டார் சைக்கிள் உள்ளவருக்கு மட்டும் எரிபொருள் படி கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். எதில் வந்தாலும் தூரத்துக்கு ஏற்ற ஒரே படி. நெதர்லாந்தில் இப்படித்தான்: முதலாளி வரியில்லாமல் கொடுக்கக்கூடிய கிலோமீற்றர் படி 2024இல் 23 யூரோ சதம், கார், சைக்கிள் என்ற பேதம் இல்லை. கலிபோர்னியாவில் இலவசத் தரிப்பிடத்துக்குப் பதிலாக அதன் பெறுமதியைப் பணமாகப் பெறும் உரிமையை 1992இல் சட்டமாக்கினார்கள். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் எட்டு நிறுவனங்களை ஆராய்ந்தபோது, தனியாகக் காரில் வருவோர் 76 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். அங்கே கார், இங்கே மோட்டார் சைக்கிள். பணம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஆட்களும் போவார்கள் என்பது இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

உடல்நலத்தையும் முதலாளிகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். பிரித்தானியாவில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வில், வேலைக்குச் சைக்கிளில் போவோருக்கு அகால மரண ஆபத்து 41 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. நம் ஊரில் நீரிழிவு கிளினிக் வரிசை நீளும் வேகத்தைப் பார்த்தவர்கள் இதை அலட்சியம் செய்ய மாட்டார்கள்.

இந்தப் பரிந்துரை கிளிநொச்சி நகருக்கானது. வன்னி முழுவதற்கும் அப்படியே பொருந்தாது. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்களும் புகையிரத நிலையமும் இருக்கின்றன. அந்த மாணவர்களையும் பட்டதாரிகளையும் நம்பித் தொடங்கும் நிறுவனம் அங்கேயே இருப்பது சரி. மாங்குளம் ஏ9 வீதி, முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதி, புகையிரதம் மூன்றும் சந்திக்கும் இடம். வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் ஆட்கள் வர வேண்டிய அலுவலகத்துக்கு அதைவிட நடுவான இடம் இல்லை. ஆனால் சந்தியிலேயே அமைய வேண்டும், காட்டை வெட்டி உள்ளே அல்ல. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் விடியலிலும் மாலையிலும் யானை வீதிக்கு வரும். அங்கே தனியாகச் சைக்கிளில் வா என்று யாரையும் சொல்ல எனக்கு மனம் வராது. நிறுவன பஸ்ஸையோ ஊருக்குள்ளேயே சிறு வேலைத்தலத்தையோதான் சொல்வேன்.

எதைத் தேர்ந்தாலும், காணித் தரகரோடு பேசுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் எடுக்க நினைக்கும் ஆட்கள் இருக்கும் ஊர்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் காலையில் எத்தனை பஸ், எத்தனை மணிக்கு, கடைசிப் பஸ் எப்போது என்று பஸ் சாலையிலும் தரிப்பிடத்திலும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் காணிக்கு ஒரு வேலைநாளில் பஸ்ஸிலேயே போய் வாருங்கள். மழைக்காலத்தில் போனால் இன்னும் நல்லது.